பாத்ரூம் கழுவினாலே இழுப்பு: வீட்டு வாசனைகளுக்கு நடுவே ஆஸ்துமாவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாடிவீடு எழுதியது:

வணக்கம். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. கல்லூரி முடிக்கும்போது ஏறக்குறைய விட்டுவிட்டது. கல்யாணமாகி மேடவாக்கம் பக்கம் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் பிடித்துக்கொண்டது.

இங்கே போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. ஒரு வாரம் விட்டால் குழாய், டைல்ஸ், பக்கெட் எல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதைப் போக்க, தெருவில் வண்டியில் வருபவரிடம் ஆசிட் வாங்குகிறோம். பழைய தண்ணீர் பாட்டிலில் மஞ்சளாக இருக்கும், லேபிள் கிடையாது. டைல்ஸில் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்து, வெள்ளையாக ஒரு ஆவி கிளம்பும். பாத்ரூம் கதவைச் சாத்தியிருந்தாலும் ஹாலில் இருக்கும் எனக்குத் தொண்டை கமறும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி, இருமல் வந்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை வந்தால் பினாயில் போட்டுத் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, சாயங்காலம் சாம்பிராணி. அன்று ராத்திரி உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவேன்.

அத்தை நல்லவர்தான். "நாங்களும் இதே வீட்டில்தானே இருக்கிறோம், உனக்கு மட்டும் ஏன்மா?" என்று கேட்கிறார். என் கணவர், மனதில் நினைத்துக்கொள்வதால் வருகிறது என்கிறார். அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். தூசிப்பூச்சிக்கு மட்டும் கொஞ்சம் காட்டியது. பினாயில், ஆசிட் எதுவும் ரிப்போர்ட்டில் இல்லை. அதையே காட்டி, "பார், இதில் ஒன்றும் இல்லையே" என்கிறார்கள்.

இப்படி வாசனையால் மட்டும் இழுப்பு வருமா? வருமென்றால் உப்புக் கறையை எதை வைத்துப் போக்குவது? வீட்டில் சண்டை இல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

மாடிவீடு, ஓபியில் நாங்கள் வாரம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் விஷயங்கள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஒன்று அலர்ஜி. தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சியின் எச்சம், மகரந்தம் போன்றவற்றுக்கு எதிராக உடம்பு ஒரு எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் அதைத்தான் தேடுகிறது. இன்னொன்று நேரடி எரிச்சல். ஆசிட் ஆவி, குளோரின், பினாயில் நெடி, புகை, மிளகாய் வறுக்கும் கமறல் இவற்றுக்கு எதிர்ப்பொருள் எதுவும் தேவையில்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நரம்பு நுனிகளை அவை நேராகத் தூண்டிவிடும். உடனே குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். இதைத் தோல் டெஸ்டில் பார்க்கவே முடியாது. எனவே ரிப்போர்ட்டில் இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது.

உங்களுக்கு மட்டும் ஏன் என்பதற்கும் பதில் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் உள்ளே ஏற்கெனவே லேசாக வீங்கிச் சிவந்திருக்கும், மூச்சு நன்றாக இருக்கும் நாட்களில்கூட. நல்ல தோலில் எலுமிச்சைச் சாறு பட்டால் தெரியாது, வெந்த தோலில் பட்டால் துள்ளுவோம் இல்லையா, அதுதான் விஷயம். அத்தைக்கும் அந்த ஆவி நல்லதில்லை. அவருடைய குழாய் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. தினமும் எடுக்கும் இன்ஹேலர் ஏதாவது எடுக்கிறீர்களா, இல்லை இழுக்கும்போது மட்டும் நீல இன்ஹேலரா?

மாடிவீடு எழுதியது:

மிக்க நன்றி அக்கா. நீலம் மட்டும்தான். டாக்டர் இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, பழகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் வீட்டில் வாங்கவில்லை.

கொங்குத்தறி எழுதியது:

அம்மணி, முதலில் அந்த வண்டி ஆசிட்டை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் திருப்பூரில் சலவைப்பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன். ரசாயனத்தோடு புழங்கியே எனக்கு ஆஸ்துமா வந்தது, வேலையையும் விட்டாகிவிட்டது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், மன்னிக்கவும்.

நீங்கள் பார்க்கும் அந்த மஞ்சள் திரவம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுத்தமான அமிலத்துக்கு நிறம் கிடையாது, இரும்பு கலந்திருப்பதால் மஞ்சள். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனரில் இதே அமிலம் பத்து சதவீதம் அளவுக்கு, கெட்டியான கூழாக இருக்கும். வண்டியில் வருவது எவ்வளவு கெட்டி என்பது விற்பவருக்கே தெரியாது. டைல்ஸில் பூத்திருப்பது சுண்ணாம்பு வகை உப்பு. அமிலம் பட்டதும் கரியமில வாயு பொங்கும். அந்த நுரை வெடிக்கும்போது அமிலத் துளிகளையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். நான்கடிக்கு ஐந்தடி பாத்ரூமில் ஜன்னல் கையகலம் இருந்தால் அது எங்கே போகும்? உங்கள் ஹாலுக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் போடுவது. கறை போகவில்லை என்று முதலில் ஒன்று, அதன் மேலேயே இன்னொன்று என்று பல வீடுகளில் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஒரு கல்யாண மண்டபத்தில் கழிவறை கழுவ வந்த பையன் இப்படிச் செய்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே வந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணெல்லாம் சிவந்து, இருமி இருமி வாயிலிருந்து நுரை. பையனுக்கு ஆஸ்துமா எல்லாம் கிடையாது. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவருடைய முகத்துக்கு நேரே இருக்கும். இப்படி நடந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். வெளியே வந்து, நல்ல காற்றில் நின்று, மூச்சு சரியாகவில்லை என்றால் உடனே 108.

முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டால் போதும் என்று சொல்வார்கள். என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. சேலைத் தலைப்பு எதையுமே தடுக்காது.

வைகைக்கரை எழுதியது:

என் மகனுக்கு ஆறு வயது. நாங்கள் மதுரை. எங்கள் வீட்டில் ஆசிட் இல்லை, ஆனால் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும்தான் பாடாய்ப் படுத்தின. சுருளை நிறுத்து என்றால் கொசுவை என்ன செய்வது என்று கேட்பார்கள், அதுவும் நியாயம்தான், இங்கே டெங்கு வேறு. குழந்தை டாக்டர் சொன்ன ஒரு தகவல்தான் எங்கள் வீட்டில் எடுபட்டது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஒரு ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். என் மாமனார் பீடி, சிகரெட் தொடாதவர். கேட்டவுடன் எழுந்து போய்ச் சுருள் டப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது ஜன்னலுக்கு வலை அடித்து, கட்டிலுக்குக் கொசுவலை கட்டியிருக்கிறோம். மின்சாரத்தில் போடும் திரவம்கூட இவனுக்கு ஒத்துவரவில்லை, லேசாக இருமுகிறான்.

சாம்பிராணி விஷயம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டாமல் இருப்பதா என்று என் அம்மாவுக்கே மனது கேட்கவில்லை. பிறந்த குழந்தையாக இருந்தபோது தினமும் குளிப்பாட்டி, கூடையைக் கவிழ்த்து, புகை போட்டு, அதன் மேல் தலையைக் காட்டித்தான் முடியைக் காய வைப்பார். சளி பிடிக்காது என்பது அவர் நம்பிக்கை. அவர் வளர்த்த நாலு பிள்ளைகளும் அப்படி வளர்ந்தவர்கள். அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் துண்டு மாற்றினோம். கெட்டியான பருத்தித் துண்டு இரண்டை வெயிலில் காயவைத்துச் சூடாக எடுத்து வந்து துவட்டுகிறார். "நல்லா உலர்ந்துடுச்சே" என்று அவரே சொல்கிறார். வெள்ளிக்கிழமை சாமிக்கு மட்டும் மொட்டை மாடியில் காட்டிவிட்டு வருகிறார்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

எல்லோரும் ரசாயனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆடாதோடை இலை, தூதுவளை, கற்பூரவல்லி இருக்கும்போது இன்ஹேலர் எதற்கு? எங்கள் தாத்தா ஆடாதோடைக் கஷாயத்திலேயே எத்தனையோ பேருடைய இழுப்பை நிறுத்தியவர். வீட்டைத் துடைக்கப் பினாயிலுக்குப் பதில் நீலகிரித் தைலமும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் நாலு சொட்டு விடுங்கள். இயற்கையானது, ஒன்றும் செய்யாது.

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

மூலிகைத்தோட்டம் ஐயா, ஆடாதோடை மீது எனக்கும் மரியாதை உண்டு. அதிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தையே உருவாக்கினார்கள். கெட்டிச் சளி உள்ளவருக்கு அது உதவலாம். ஆனால் சுருங்கிய குழாயை நிமிடத்தில் விரிப்பது கஷாயத்தால் ஆகாது. இழுப்பு முற்றி, பேச முடியாமல் வந்த எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், பலரும் இன்ஹேலரை நிறுத்தியிருப்பார்கள். கஷாயம் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். இன்ஹேலரை மட்டும் விட வேண்டாம்.

எண்ணெய்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமாக்காரருடைய நரம்பு நுனிக்கு, வந்த ஆவி ஆலையிலிருந்தா இலையிலிருந்தா என்று தெரியாது. நீலகிரித் தைலம், கற்பூரம், எலுமிச்சைப்புல் எல்லாமே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். யாருக்கு ஒத்துவருகிறதோ அவர் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ள வீட்டில் தரை முழுக்கத் தெளிக்க நான் சொல்ல மாட்டேன்.

மாடிவீடு, உங்களுக்கு முக்கியமானது இதுதான். நீலம் குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். உள்சுவரின் வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, 2019-லிருந்தே, பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலர்களை இப்போது பலருக்கும் எழுதுகிறார்கள். ஊதும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையாக நாள்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டோடு இதை ஒப்பிடவே கூடாது. ஊதியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண், தொண்டைக் கம்மல் வருவது குறையும். பழகிவிடும் என்பதும் உண்மை இல்லை. வீக்கம் திரும்ப வருவதால்தான், நிறுத்தினால் மறுபடியும் இழுக்கிறது.

வீக்கம் அடங்கினால் வாசனை தாங்கும் சக்தியும் கூடும். ஆசிட்டை நிறுத்துவது பாதி, இது மீதிப் பாதி. வெறுமனே வாசனைகளைக் கண்டு ஓடிக்கொண்டே இருந்தால் வீடு சுருங்கிக்கொண்டே போகும். இன்றைக்கு பினாயில், நாளைக்கு அத்தையின் பவுடர், அப்புறம் தாளிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாசனை பட்டதும் நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் பிடித்ததுபோல் இருந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்டு, நீல இன்ஹேலர் ஊதியும் பலனே இல்லை என்றால், அது குரல்நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொள்வதாக இருக்கலாம். ஆஸ்துமாவோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். அதற்கு மருந்தைவிட மூச்சுப் பயிற்சிதான் உதவும். டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறன். அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் தொட்டே முட்டு. இங்கே வந்த பிறகு குளிர்காலத்தில் கூடிவிட்டது. ஆறு மாதம் யன்னல் திறக்க ஏலாது, பக்கத்து அப்பார்ட்மெண்டில் உடுப்புக் காயப்போடும்போது போடுகிற வாசனைத் தாளின் மணம் கூட வெளிக்குழாய் வழியே உள்ளே வரும். ஒரு நல்ல விஷயம், இங்கே பல ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் வாசனை பூசிக்கொண்டு வராதீர்கள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்ததில் இருந்து ஒரு தைரியம். கோயிலிலும் ஐயரிடம் தானே போய்க் கதைத்து, தீபாராதனை நேரம் கதவுப் பக்கம் ஒரு கதிரை போடுவித்துக்கொண்டா. நாங்கள் ஒருவரும் கேட்டுத் தரவில்லை.

நாலுவீடு எழுதியது:

நான் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் வீட்டுக்காரர்கள். என் அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். பாத்திரம், துணி, வீடு துடைப்பது, பாத்ரூம் கழுவுவது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மருந்து. ஒரு வீட்டில் ஆசிட், ஒரு வீட்டில் பிளீச், இன்னொரு வீட்டில் கண்ணாடிக்கும் அடுப்புக்கும் ஸ்ப்ரே. கை எல்லாம் வெடித்திருக்கும். ஒன்றிரண்டு வருஷமாக இரவில் இருமல். முதலில் டிபி என்று பயந்து சளி டெஸ்ட் எடுத்தோம், இல்லை என்று வந்தது. இருமல் மருந்து குடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். பகலில் வேலை செய்யும்போது அவ்வளவாக இருக்காது, ராத்திரிதான் அதிகம். அதனால் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்.

இந்த இழையைப் படித்ததும் இது ஆஸ்துமாவாக இருக்குமோ என்று தோன்றியது. வீட்டுக்காரர்களிடம் சொன்னால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

நாலுவீடு, நீங்கள் எழுதியது இந்த இழையில் மிகவும் தேவையான பதிவு தங்கச்சி. அம்மாவைக் கட்டாயம் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு உண்டு. சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது, 1928-லிருந்து நெஞ்சு நோய்க்கென்றே நடக்கும் இடம்.

வேலையால் வரும் ஆஸ்துமாவில் இழுப்பு அதே நேரத்தில் வரவேண்டும் என்று இல்லை. சில மணி நேரம் கழித்து, இரவில் வருவது சகஜம். அதனால்தான் பலரும் வேலையோடு அதை முடிச்சுப் போடுவதில்லை. சில தரைக் கிளீனர்களில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி இருக்கும், பாட்டிலின் பின்புறம் போட்டிருப்பார்கள். அந்த வகைப் பொருட்கள் எரிச்சல் மட்டும் தருவதில்லை. தொடர்ந்து புழங்குபவருக்குப் புதிதாக ஆஸ்துமாவையே உண்டாக்கலாம்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், சுத்தம் செய்யாத பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. நான் இதை எங்கள் வார்டில் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் அடுப்புப் புகை, சிகரெட், தூசி என்று கேட்கும் நாம் "வீடு யார் துடைக்கிறது" என்று கேட்பதே இல்லை. கேட்கவேண்டும்.

முடிந்தால் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள். பலமாக ஊதினால் ஒரு எண் காட்டும் சின்னக் குழாய். மூன்று முறை ஊதி, அதிகமாக வந்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள். காலை எழுந்ததும், வேலை முடிந்து வந்ததும், தூங்கப் போகும்போதும். வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்.

நாலுவீடு எழுதியது:

அம்மாவுக்கு லீவே கிடையாது அக்கா. ஒரு வீட்டில் லீவு விட்டால் இன்னொரு வீட்டில் இருக்கும்.

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று சில நாள் வெளியூர் போவார் இல்லையா, அந்த நாட்களை விடாமல் எழுதிவிடுங்கள். நாலைந்து நாள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

கொங்குத்தறி எழுதியது:

தங்கச்சி, வேலையை விட்ட பிறகுதான் எனக்கு என்ன நோய் என்றே தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வரக்கூடாது. வீட்டுக்காரர்களிடம் நோய் பற்றி எதுவும் பேச வேண்டாம். "அக்கா, இந்த ஆசிட் டைல்ஸ் இடுக்கை அரிச்சுடும், வேற பொடி வாங்கித் தாங்க" என்று அம்மா கேட்கட்டும். அது பொய்யும் இல்லை, டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்டை ஆசிட் நிஜமாகவே தின்றுவிடும். வாங்கச் சொல்ல வேண்டியது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், சர்க்கரைபோல் இருக்கும்.

மாடிவீட்டம்மாவுக்கும் இதுதான். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரையுங்கள். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சுவர் டைல்ஸ் என்றால் துணியை அப்படியே ஒட்டவையுங்கள். அப்புறம் நாரால் தேய்த்தால் கையோடு வரும். ஆவி கிடையாது. பொடியைக் கொட்டும்போது மட்டும் தூசி மூக்கில் ஏறாமல் மெதுவாகப் போடுங்கள். பல வருஷக் கறை ஒரே தடவையில் போகாது. மார்பிளிலும் கடப்பாக் கல்லிலும் போடாதீர்கள், இரண்டும் சுண்ணாம்பு ஜாதி, பளபளப்பு போய்விடும். இதுவும் அமிலம்தான், பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. வினிகரும் இதே வேலை செய்யும், ஆனால் அந்தப் புளித்த நெடி எனக்கு ஒத்துவரவில்லை.

குளித்து முடித்ததும் ரப்பர் வைத்த தள்ளுகட்டையால் சுவரையும் தரையையும் வழித்துவிட்டால் உப்பே பூக்காது. தண்ணீர் நின்று காய்ந்தால்தானே வெள்ளை.

கீழ்த்தளம் எழுதியது:

எங்கள் அப்பார்ட்மெண்ட் சங்கத்தில் நான் செயலாளர். ஒரு வீட்டில் மட்டும் மாற்றினால் போதாது என்பதால் எழுதுகிறேன். எங்கள் பிளாக்கில் ஆஸ்துமா உள்ள இரண்டு குழந்தைகளும் ஒரு பெரியவரும் இருக்கிறார்கள். படிக்கட்டையும் லிஃப்டையும் தினமும் கறுப்புப் பினாயில் போட்டுத் துடைப்பார்கள். லிஃப்டுக்குள் காற்றே கிடையாது, அதில் ஏறினாலே பெரியவருக்கு இருமல். பொதுக்குழுவில் பேசி, சோப்புத் தண்ணீர் மட்டும் என்று மாற்றினோம். ஒருவர், கிருமி போகாதே என்றார். படிக்கட்டில் ஆபரேஷனா செய்யப் போகிறோம், அழுக்கு போனால் போதும், அழுக்கோடு கிருமியும் போகும் என்று எங்கள் கட்டடத்து டாக்டரே எழுந்து சொன்னார். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடும் நாள், கொசு மருந்து அடிக்கும் நாள், பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். கொசு மருந்துப் புகையில் டீசல் கலந்திருக்கும், ஜன்னலைச் சாத்த அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

பீரோவில் போடும் பாச்சை உருண்டையை யாரும் சொல்லவில்லையே. மகனுடைய ஸ்வெட்டர் எல்லாம் அதோடு இருந்தது. அதைப் போட்டாலே இருமுவான். துணியை வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைத்துவிட்டோம்.

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அந்த உருண்டை நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஆஸ்துமா இல்லாத வீட்டிலும் குழந்தைத் துணியோடு வைக்காதீர்கள்.

ஸ்ப்ரே பாட்டில்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றில் அடிக்காமல் துணியில் ஊற்றித் துடைத்தால் மூச்சில் போவது எவ்வளவோ குறையும். ரூம் ஃப்ரெஷ்னரை முற்றிலும் விடலாம், அது எதையும் சுத்தம் செய்வதில்லை. அதற்காகச் சுத்தம் செய்வதையே நிறுத்திவிட வேண்டாம். தூசியும் கரப்பானும் சேர்ந்தால் அதுவும் இழுப்புதான். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. வேறு யாராவது துடைக்க முடிந்தால், அந்த நேரம் மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள்.

அவசரத்துக்கு: இழுப்பு வந்தால் முதலில் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) பொருத்தி ஒரு அழுத்து, நாலு மூச்சு. இப்படி நாலு தடவை. நாலு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடியும் நாலு. அப்போதும் குறையாவிட்டால், அல்லது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், 108. வண்டி வரும்வரை ஊதுவதை நிறுத்த வேண்டாம். வேறு இன்ஹேலர் எழுதியிருந்தால் உங்கள் டாக்டர் சொன்ன கணக்குப்படி. இதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

மாடிவீடு எழுதியது (சில வாரங்கள் கழித்து):

எல்லோருக்கும் ஒரு தகவல். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது என் கணவரையும் உள்ளே அழைத்துப் போனேன். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத் திறன் சோதனை எடுத்தார்கள். ஊதிவிட்டு, மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை டாக்டர் பேனாவால் காட்டினார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியிலேயே மருந்துக் கடையில் நிறுத்தி, இரண்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் வாங்கினார்.

அத்தையிடம் வைகைக்கரை சொன்ன வழியில்தான் பேசினேன். ஆசிட் வண்டிக்காரரை இப்போது அவரே அனுப்பிவிடுகிறார். ஆனால் குழாயில் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று தினமும் ஒரு முறை சொல்கிறார். சாம்பிராணி இன்னும் உண்டு, பால்கனியில். காற்று உள்பக்கம் அடிக்கும் நாளில் கொஞ்சம் கஷ்டம்தான். முன்புபோல் உட்கார்ந்து தூங்க வேண்டிய ராத்திரி வரவில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு நடக்கிறது. என்ன செய்யலாம்?

கீழ்த்தளம் எழுதியது:

சுவருக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் போதும், வாசனை குறைவான வகை என்று கேட்டு வாங்குங்கள். கிரில்லுக்கும் கதவுக்கும் அடிக்கும் எனாமல்தான் வில்லங்கம், டர்பன்டைன் நெடி நாள்கணக்கில் நிற்கும். முடிந்தால் அதை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். எப்படியும் அடிக்கும் நாட்களில் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், வாசனை முழுதாகப் போன பிறகு வாருங்கள். போகியன்று ஜன்னலைத் திறக்காதீர்கள்.

நாலுவீடு எழுதியது:

அம்மாவைக் காட்டினோம் அக்கா. ஆஸ்துமாதான். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டில் பொடி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில், இத்தனை நாள் இதில்தானே கழுவினாய் என்று கேட்டார்களாம். அம்மா அந்த வீட்டில் பாத்ரூம் வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சம்பளத்தில் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஆறவில்லை. நோட்டில் எண் எழுதுகிறேன். அடுத்த மாதம் ஊர் கொடை, ஐந்து நாள் போகிறோம். ஸ்பேசரைத் துணியால் துடைத்து வைக்கிறோம், சரிதானே?

நெஞ்சகப்பிரிவு எழுதியது:

உங்கள் அம்மா செய்தது சரி. சம்பளத்தைக் குறைத்ததுதான் சரியில்லை.

ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, அப்படியே நிழலில் காயவிடுங்கள். ஊரில் இருக்கும் ஐந்து நாளும் மூன்று வேளையும் எண்ணை எழுதுங்கள், இன்ஹேலரையும் விடாமல் ஊதட்டும். திரும்பி வந்து வேலைக்குப் போகும் முதல் வாரத்தையும் எழுதிவிட்டு, அந்த நோட்டை அப்படியே டாக்டர் கையில் கொடுங்கள்.